கோடையில் ஒரு கொட்டான்: சமுதாய நலக்கூடத்தில் பெரியவர்களுக்குக் கைவினை வகுப்பு நடத்த முழுமையான வழிகாட்டி

பரீட்சை முடிந்த மறுநாளே ஊரெங்கும் கோடை வகுப்புக்குத் தட்டி கட்டிவிடுவார்கள். நீச்சல், செஸ், ஓவியம், சிலம்பம் எல்லாம் பிள்ளைகளுக்கு. பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அம்மாவுக்கும், வாசலில் செருப்பைக் காவல் காக்கிற தாத்தாவுக்கும் ஒன்றும் கிடையாது. திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சமுதாய நலக்கூடத்தில் நாலு கோடையாகப் பெரியவர்களுக்கென்று, கொட்டான் என்கிற சின்னப் பனையோலைப் பெட்டி முடையும் பத்து நாள் வகுப்பு நடத்துகிறோம். முதல் வருஷம் சொதப்பினோம். அந்தச் சொதப்பலையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் முதல் நாளே கையில் ஒரு பொருளோடு வீட்டுக்குப் போக வேண்டும். சின்னதாக இருந்தாலும் சரி, கோணலாக இருந்தாலும் சரி. "இன்னைக்கு அடிப்படை மட்டும், நாளைக்குத் தொடருவோம்" என்று வெறுங்கையோடு அனுப்பினால் மூன்றாம் நாள் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். வீட்டில் "போய் என்னத்தக் கத்துக்கிட்டு வந்தே?" என்று ஒருவர் கேட்பார். எடுத்து நீட்ட ஏதாவது வேண்டும். கீழே வருகிற எல்லா ஏற்பாடும் இதற்காகத்தான்.

எந்தக் கைவேலை?

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தினம் ஒரு கைவேலை என்று வைத்தால் பத்தாம் நாள் ஒன்றுகூடக் கையில் படிந்திருக்காது.

நம் பக்கத்தில் தேர்வுக்குப் பஞ்சமில்லை. பத்தமடையில் கோரைப் பாய், காருக்குறிச்சியில் மண்பாண்டம், அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு, கடற்கரைக்குப் போனால் மணப்பாட்டில் பனையோலைப் பெட்டி. ஆனால் எல்லாம் பத்து நாளில் அடங்கிவிடாது. பாய் நெசவுக்குத் தறி வேண்டும். கோரையைக் கீறி, நாள்கணக்கில் ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுக்க வேண்டும். சொப்புக்குக் கடைசல் இயந்திரமும் அரக்குச் சாயமும் வேண்டும். மண்பாண்டச் சக்கரத்தில் மண்ணை நடுவில் நிற்கவைக்கவே பத்து நாள் போய்விடும். மண்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் சக்கரத்தை விட்டுவிட்டு, கையால் பிடிக்கிற அகல் விளக்கும் சின்னக் கிண்ணமும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் இரண்டு நிபந்தனை உண்டு. காயும்போது மேலே ஈரச் சாக்குப் போட்டு மூடாவிட்டால் மே மாத அனல் காற்றில் விளிம்பு வெடிக்கும். சூளைக்கு ஏதாவது ஒரு வேளார் (மண்பாண்டம் செய்பவர்) வீட்டில் முன்கூட்டியே இடம் சொல்லி வைக்க வேண்டும்.

எங்கள் தேர்வு பனையோலை. கத்தி, கத்தரிக்கோல், ஈரத் துண்டு, நாலு துணி கிளிப் இருந்தால் வேலை தொடங்கிவிடும். கோடையில் பனையேறிகள் பதநீருக்காக எப்படியும் மரத்தில் இருப்பார்கள், ஓலைக்குத் தனியாக ஆள் தேட வேண்டாம். கொட்டான், சொளகு (முறம்), கடகம் (பெரிய கூடை), நார்ப்பெட்டி என்ற பெயர்களெல்லாம் வருகிறவர்களின் வாயில் ஏற்கெனவே இருக்கும். பாட்டி வீட்டுக் கருப்பட்டிக் கொட்டானைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு.

தேதி குறிப்பது

கால்வாய்ப் பாசன ஊர் என்றால் பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து, ஜூன் மாதம் அணை திறந்து கார்ப் பருவ நெல் சாகுபடி தொடங்கும்வரை வயல் வேலை குறைவு. ஆகவே சித்திரையும் வைகாசி முற்பாதியும் நல்ல காலம். ஆனி பிறந்துவிட்டால் மேற்கேயிருந்து காற்று தூக்கும். கீறி வைத்த ஓலை ஒரு பக்கம் பறக்கும், ஆட்கள் நாற்றங்காலுக்குப் போய்விடுவார்கள்.

கோடையில் தேதி குறிக்கிறவர் கொடையை, அதாவது கோவில் திருவிழாவை, மறக்கக் கூடாது. ஊர்க் கோவில் கொடை, பக்கத்து ஊர்க் கொடை, குலதெய்வக் கோவில் கொடை என்று மூன்றையும் விசாரித்துவிட்டுப் பத்து நாளைக் குறியுங்கள். பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியை ஒட்டித்தான் வரும். கொடைக்கு மறுநாள் வகுப்பு வைக்கவே வேண்டாம். ஊரே தூங்கும்.

அப்புறம், நாள்காட்டியில் முகூர்த்த நாள்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கூடத்தைக் கட்டியிருப்பதே கல்யாணத்துக்கும் சடங்குக்கும்தான். இரண்டாம் வருஷம் ஒரு நாள் மதியம் ஓலைக்கட்டோடு போய் நின்றால், வாசலில் வேனிலிருந்து அண்டாவும் கரண்டியும் இறங்கிக்கொண்டிருந்தன. நிச்சயதார்த்தமாம். யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு எதிரே இருந்த வேப்ப மரத்தடியில் வகுப்பு நடந்தது. பந்தியில் எங்களுக்கும் இலை போட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நேரம்தான் சிக்கலானது. ஓலைக்கு நல்லது காலை, ஈரப்பதம் இருக்கும். ஆட்களுக்கு வசதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆட்கள் பக்கம் சாயுங்கள்: மாலை மூன்றரை முதல் ஆறு வரை. ஓலையை ஈரத் துண்டால் சமாளித்துக்கொள்ளலாம். பீடி சுற்றுகிற பெண்கள் உள்ள ஊர் என்றால், பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கிற நேரம் என்ன என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், அது கடைக்குக் கடை மாறும். அவர்களைத் தவற விடாதீர்கள். மடியில் சொளகை வைத்து இலை வெட்டிப் பழகிய அந்த விரல்களுக்கு ஓலை ஒரு பொருட்டே இல்லை. எங்கள் வகுப்பில் வேகமான நாலு பேரும் பீடி சுற்றுகிறவர்கள்தான்.

கூடத்தைக் கேட்பது

ஊராட்சி என்றால் தலைவரிடமும் செயலரிடமும், பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடமும் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. பத்துத் தேதிகளையும் நேரத்தையும் எழுதி மனுவாகக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயதார்த்தக் கதைக்குப் பிறகு நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். வாடகை, மின்கட்டணம், குப்பை அள்ளுவது யார் பொறுப்பு, சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். சாவி வைத்திருப்பவரின் கைப்பேசி எண் மனுவைவிட முக்கியம்.

உள்ளே போய் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் எந்தச் சன்னல் வழியாக வருகிறது? கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா? மின்விசிறி நேர் மேலே இருந்தால் கீறிய ஓலை கால் மணி நேரத்தில் முறுகிவிடும். ஆகவே விசிறி ஆட்களுக்கு, ஓலை சுவரோரம். தரையில் ஜமுக்காளம் விரித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு முட்டு மடங்காது. பிளாஸ்டிக் நாற்காலியும், முன்னால் வைக்க ஒரு பெஞ்சும் வேண்டும்.

ஆசிரியர்

வெளியூரிலிருந்து பயிற்சியாளரை அழைக்கும் முன் உங்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவாருங்கள். எங்கள் ஆசிரியை மேலத்தெருவில் இருக்கிற, எழுபதைத் தாண்டிய ஓர் ஆச்சி. கருப்பட்டிக்குக் கொட்டான் முடைந்து பிள்ளைகளை வளர்த்தவர். "எனக்கு என்னத்தச் சொல்லிக்கொடுக்கத் தெரியும்? வேலை செய்யத்தான் தெரியும்" என்று முதலில் மறுத்தார்.

அவர் சொன்னது உண்மைதான். கைவேலை தெரிந்தவர்களுக்குக் கை செய்வதை வாய் சொல்லாது. வேகம் வேறு. நாம் கண்ணை இமைப்பதற்குள் மூன்று ஓலை போய்விடும். அதற்கு இரண்டு வழி கண்டோம். ஒன்று, வகுப்புக்கு முந்தின நாளே இரண்டு பேர் ஆச்சி வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்வது. நேற்றுத் தடுமாறியவருக்குத்தான் இன்று தடுமாறுகிறவர் எங்கே நிற்பார் என்று தெரியும், வாயால் சொல்லவும் வரும். இரண்டாவது, உட்காரும் முறை. ஆசிரியருக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்தால் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். ஆகவே ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் அவருடைய முதுகுப் பக்கம், தோளுக்கு மேலே எட்டிப்பார்க்கிற மாதிரி நிற்க வையுங்கள். அவர் கை போகிற பக்கமே நம் கையும் போகும். இந்த ஒரு மாற்றத்திலேயே முதல் வருஷத்துக் குழப்பம் பாதி தீர்ந்தது.

சம்பளம்: அரை நாள் வேலைதான் என்றாலும் ஒரு கொத்தனாரின் முழு நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். சால்வை போர்த்திவிட்டு அனுப்பிவிடலாம் என்கிற யோசனை கமிட்டியில் யாருக்காவது வரும். சால்வையும் போர்த்துங்கள், கூலியையும் கொடுங்கள்.

அறிவிப்பும் பணமும்

முதல் வருஷம் "கைவினைப் பயிற்சி வகுப்பு" என்று நோட்டீஸ் அடித்தோம். நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். அரசாங்கத் திட்டம், சான்றிதழ் தருவார்கள், லோன் கிடைக்கும், தையல் மிஷின்கூடக் கிடைக்கலாம் என்று பேச்சுக் கிளம்பியிருந்தது நமக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஒன்பது பேர் இருந்தார்கள். இப்போது நோட்டீஸில் தெளிவாகப் போடுகிறோம்: "ஓலைக் கொட்டான் முடையக் கற்றுக்கொள்ளலாம். சான்றிதழ் கிடையாது. கடன் கிடையாது. செய்த பொருள் உங்களுக்கே." கூடவே ஒரு கொட்டானின் படம். இருபது பேருக்கு மேல் எடுப்பதில்லை.

இலவசமாக வைக்காதீர்கள் என்பது என் கருத்து. எங்கள் கணக்கு இப்படி: தலைக்கு 600 ரூபாய், இருபது பேருக்கு 12,000. ஆசிரியருக்கு 9,000, ஓலைக்கு 1,200, சாயமும் கத்தியும் 800, தேநீருக்கு 1,000. கூடத்துக்கு வாடகை வாங்காததால் சரியாகப் போயிற்று. மொத்தமாகத் தர முடியாதவர்கள் இரண்டு தவணையாகத் தரலாம். அதுவும் முடியாதவர்கள் தினம் அரை மணி முன்னதாக வந்து ஓலை கீறிக் கொடுக்கலாம். கீறித் தந்தவர்கள்தான் கடைசியில் நன்றாக முடைகிறார்கள் என்பதையும் பார்த்தேன்.

ஓலை தயார் செய்வது

வேண்டியது குருத்தோலை, அதாவது இன்னும் விரியாமல் நடுவில் ஈட்டிபோல நிற்கிற வெளிர் ஓலை. வடலி, அதாவது உயராத இளம் பனையாக இருந்தால் எட்டிப் பறிக்கலாம். ஒரு மரத்தில் வருஷத்துக்கு ஒரு குருத்துக்கு மேல் வேண்டாம் என்று பனையேறியிடம் சொல்லிவிடுங்கள். நம் வகுப்புக்காக மரம் இளைக்கக் கூடாது. ஒரு குருத்தில் எங்கள் கணக்குக்கு நூறு கீற்றுபோலத் தேறும். முதல் நாளைக்கே நாலைந்து குருத்து, பத்து நாளைக்கு முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கு மூன்று நாள் முன்பே பறித்து, மடிப்புகளைப் பிரித்து, காய விடுங்கள். வளைத்தால் ஒடியாமல், பிழிந்தால் ஈரம் கசியாமல் இருக்கிற பக்குவம் போதும். நடுவில் இருக்கிற ஈர்க்கைக் கிழித்து எடுத்தால் இரண்டு பாதி கிடைக்கும். அதை ஒரே அகலமாகக் கீற வேண்டும். முதல் பொருளுக்குச் சுண்டுவிரல் நகத்தின் அகலம், ஒரு முழ நீளம். அகலம் மாறினால் என்ன முடைந்தாலும் இடைவெளி விழும், இதில் மட்டும் கறாராக இருங்கள். எடுத்த ஈர்க்கைத் தூரப் போடாதீர்கள், ஒரு மூலையில் கட்டி வையுங்கள்.

முடைவதற்கு முன் ஈரத் துண்டில் சுற்றி அரை மணி நேரம் வைத்தால் ஓலை இளகும். தண்ணீரில் முக்கி எடுக்காதீர்கள். ஊறிய ஓலை உப்பியிருக்கும், காய்ந்ததும் சுருங்கிப் பெட்டியெல்லாம் சல்லடையாகிவிடும். மிச்ச ஈர ஓலையைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுப் போவது அதைவிடப் பெரிய தப்பு. நாங்கள் செய்தோம். மறுநாள் அவிழ்த்தால் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. ஒரு நாள் ஓலை மொத்தமும் அடுப்புக்குப் போயிற்று.

முதல் நாள்: தேநீர்த் தட்டு

கொட்டானை முதல் நாளே முடிக்க முடியாது. ஆனால் கொட்டானின் அடியை முடித்து, விளிம்பை மடித்துச் செருகினால் அதுவே டம்ளர் வைக்கிற சின்னத் தட்டு. வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்றேனே, அதற்கு இதுதான் வழி.

ஆளுக்குப் பதினாறு கீற்று. ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து நடுவில் நகத்தால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். எட்டுக் கீற்றை நெடுக்காக, நெருக்கமாக, நகக்கோடுகள் ஒரே வரிசையில் வருகிற மாதிரி அடுக்க வேண்டும். மீதி எட்டில் முதல் கீற்றை அந்தக் கோட்டை ஒட்டிக் குறுக்கே விடுவது: ஒன்றுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ். அடுத்தது அதற்கு மாற்று. ஓரத்திலிருந்து தொடங்கினால் ஒரு பக்கம் வால் நீளும், மறுபக்கம் பத்தாது. நடுவிலிருந்து தொடங்கி, கோட்டுக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. ஒவ்வொரு வரிசைக்கும் பிறகு விரலால் தள்ளி நெருக்க வேண்டும். எட்டும் முடிந்ததும் நாலு மூலையிலும் துணி கிளிப் மாட்டிவிடுங்கள். இதை மாட்டாமல் தேநீர் குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கினார்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற ஒன்று, ஓலையைக் கயிறுபோல இழுப்பது. "ஏட்டி, ஏன் இப்படி இழுக்கே? அது என்ன கிணத்துக் கயிறா? தள்ளிக்கொடு, தானா உக்காரும்" என்பார் ஆச்சி. அதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு விளிம்பு. வெளியே நிற்கிற ஒவ்வொரு வாலையும் பின்னால் மடித்து, அடியில் இருக்கிற பின்னலுக்குள் இரண்டு கட்டம் செருகி, மிச்சத்தை நறுக்கிவிட வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் இருபது பேரும் முடித்துவிடலாம். முதல் நாள் சாயம், பூ வேலை எதுவும் வேண்டாம்.

இரண்டாம் நாளிலிருந்து

அதே எட்டுக்கு எட்டு அடி. இந்த முறை விளிம்பை மடிக்காமல் மேலே தூக்குகிறோம். எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். கொட்டானின் மூலை, அடிச் சதுரத்தின் மூலையில் வராது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவில் வரும். நாலாவது கீற்றையும் ஐந்தாவது கீற்றையும் பிடித்து ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போட்டதும், தட்டையாக இருந்த ஓலை சட்டென்று எழுந்து நிற்கும். அங்கே ஒரு கிளிப். நாலு பக்கமும் இப்படி எழுப்பினால் சதுரம் திரும்பிவிட்டிருக்கும், சுவரில் பின்னல் சாய்வாக ஓடும். இதைச் சொல்லிப் புரியவைக்க முயலாதீர்கள், ஒவ்வொருவர் கையிலும் முதல் மூலையைப் பிடித்துக்காட்டுங்கள். கூடத்தில் ஓர் "ஆ" கேட்கும். எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு அது அலுக்கவில்லை. மூன்றாம் நாள் சுவரை உயர்த்தி வாயை மடித்து முடிக்கலாம்.

நாலாம் நாள் சாயம். வெளியே, காற்றோட்டமாக. சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள், பழைய அலுமினியச் சட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். கொதிக்கிற தண்ணீரில் சாயப்பொடியைக் கரைத்து, ஓலையைச் சின்னக் கட்டுகளாக முக்கி எடுத்து, அலசி, நிழலில் காயவையுங்கள். கையுறை கட்டாயம். இரண்டு நிறம் போதும். எட்டு நிறத்தையும் வாங்கினால் எட்டையும் ஒரே கொட்டானில் போட்டுவிடுவார்கள்.

ஐந்தும் ஆறும் மூடியோடு பெட்டி. மூடிக்கும் அதே எட்டுக்கு எட்டுதான், கீற்று மட்டும் அரை மில்லிமீட்டர் அகலம் கூட. ஏழாம் நாள் வகுப்பு கிடையாது, பத்தமடைக்குப் போகிறோம். கைவேலை செய்து பார்த்த பிறகு இன்னொரு கைவேலையைப் பார்ப்பது வேறு மாதிரி. பட்டுநூல் பாவில் ஊடுகிற நுண்ணிய கோரையைப் பார்த்ததும், ஒரு வாரத்துக்கு முன் "பாய்தானே" என்றிருப்பவர்கள் குனிந்து இழையை எண்ணத் தொடங்குகிறார்கள். எட்டும் ஒன்பதும் அவரவர் இஷ்டம்: விசிறி, பூக்கூடை, கண்ணாடி வைக்கிற உறை.

பிள்ளைகள் கூடவே வருவார்கள், வேண்டாம் என்றால் அம்மாவும் வர மாட்டார். கழிவு ஓலையை ஒரு மூலையில் கொட்டி, காற்றாடியும் கிலுக்கும் செய்யக் காட்டிக்கொடுத்துவிட்டால் போதும். கத்தியை மட்டும் உயரத்தில் வையுங்கள்.

ஆண்கள் வர மாட்டார்கள் என்று நினைத்திருந்தோம். உள்ளே வரவில்லைதான். மூன்றாம் வருஷம் வராந்தாவில் இரண்டு பழைய கட்டில் சட்டத்தையும் ஒரு சுருள் நைலான் நாடாவையும் சும்மா போட்டு வைத்தோம். நார்க்கட்டில் பின்னத் தெரிந்த ஒரு பெரியவர் "தப்பாக் கட்டிருக்கீங்க" என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். அடுத்த நாள் அவரைச் சுற்றி ஏழு பேர். அது இப்போது தனி வகுப்பாகவே நடக்கிறது, நோட்டீஸ் இல்லாமல்.

"இதை விற்கலாமா?"

ஐந்தாம் நாள் இந்தக் கேள்வி வரும். பொய் சொல்லாதீர்கள். பத்து நாள் பழகியவர் ஒரு பெட்டிக்கு மூன்று மணி நேரம் எடுப்பார், அந்த நேரத்துக்குக் கூலி போட்டால் விலை எங்கேயோ போய் நிற்கும். ஆனால் வாய்ப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்த பிறகு, தாம்பூலப் பைக்குப் பதிலாகக் கொட்டான் கேட்கிற கல்யாண வீடுகள் உண்டு. அப்படி ஒரு வீட்டுக்கு நூறு வேண்டும் என்றால் ஐந்து பேர் சேர்ந்தால் முடியும். முன்பணம் வாங்கிக்கொண்டு, தேதிக்கு ஒரு வாரம் முன்பே முடித்து, நன்றாகக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே சுயஉதவிக் குழுவில் இருப்பவர்களுக்குக் கணக்கு வழக்கு பழகியிருக்கும், அவர்களை முன்னால் விடுங்கள்.

கடைசி நாள்

மேடை, மைக், சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். பேச்சு நீண்டால் பொருளை யார் பார்ப்பது? பெஞ்சைச் சுவரோரம் போட்டு எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயரை எழுதி வையுங்கள். முதல் நாள் செய்த கோணல் தட்டையும் கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள், கடைசிப் பெட்டிக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கட்டும். வீட்டார் வருவார்கள், நன்னாரி சர்பத் கொடுத்தால் போதும்.

எல்லாரும் போன பிறகு கூடம் ஓலைத் தூசியாகக் கிடக்கும். மூலையில் கட்டி வைத்த ஈர்க்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? பத்து நாள் ஈர்க்கு ஒரு கைப்பிடிக்குமேல் சேர்ந்திருக்கும். அடியைத் தட்டிச் சமமாக்கி, ஓலை நாரால் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டினால் நல்ல வாரியல். அதாலேயே கூடத்தைப் பெருக்கி, வாரியலைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, சாவியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.